கடைசி பெஞ்சிலிருந்து கூப்பிடும் கம்பைலர்

மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம் அது. பாஸ்கல் மொழியில் புரோகிராம் எழுத உதவும் டெல்ஃபி 7-ல் எழுதியது. பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு மாதக் கடைசியில் கடைக்காரர் போன் செய்தார்.

"தம்பி, பில்லு கட்டையும் ரிஜிஸ்டரையும் வச்சுக் கூட்டிப் பார்த்தா ஒத்து வரமாட்டேங்குது. பெருசா ஒண்ணும் இல்ல, 17 ரூபா. ஆனா அது எங்க போச்சுன்னு தெரியணும்ல?"

நியாயமான கேள்வி. கணக்கு எழுதுகிறவருக்கு 17 ரூபாயும் 17,000 ரூபாயும் ஒன்றுதான். இரண்டுமே எங்கோ ஒரு தப்பு இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. கடைக்குப் போனேன். ரிஜிஸ்டரையும் பில் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். முதல் வித்தியாசம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தது. பொருள்களின் கூட்டுத்தொகை 112 ரூபாய் 50 காசு. பில்லில் 112 என்று இருந்தது. ரிஜிஸ்டரில் 113. அடுத்தது 248 ரூபாய் 50 காசு: பில்லில் 248, ரிஜிஸ்டரில் 249. ஆனால் 113 ரூபாய் 50 காசு வந்த பில் இரண்டு இடத்திலும் 114 என்றே இருந்தது. மாதம் முழுக்க இப்படி 17 பில்கள். எல்லாவற்றிலும் காசு 50, ரூபாய் இரட்டைப்படை.

இரட்டைப்படை என்று கண்ணில் பட்டதுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. டெல்ஃபியில் ரவுண்ட் என்ற ஃபங்ஷன் சரிபாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே தள்ளாது. பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 112.50 என்றால் 112, 113.50 என்றால் 114. வங்கிக்காரர் முறை என்று இதைச் சொல்வார்கள். கடையில் நடப்பது வேறு. 50 காசு வந்துவிட்டால் அடுத்த ரூபாய், அவ்வளவுதான். அதற்காகவே எங்கள் பொது யூனிட்டில் ரவுண்ட்ரூபாய் என்று தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தோம். (ஃபங்ஷன்களைச் சேர்த்து வைக்கும் தனி ஃபைல்தான் யூனிட்.) பில்லும் அதைத்தான் கூப்பிடுகிறது, ரிஜிஸ்டரும் அதைத்தான் கூப்பிடுகிறது. பிறகு எப்படி இரண்டு விடை?

ஆபீசுக்கு வந்து பில் யூனிட்டைத் திறந்தேன். கன்ட்ரோல் சாவியை அழுத்திக்கொண்டு ரவுண்ட்ரூபாய் என்ற சொல்லின் மேல் கிளிக் செய்தேன். அது எழுதப்பட்ட இடத்துக்கு ஐடிஇ, அதாவது நாம் புரோகிராம் எழுதும் மென்பொருள், நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். காமன்லிப் என்ற பொது யூனிட் திறக்கும் என்று எதிர்பார்த்தேன். திறந்தது டாக்ஸ்கால்க். வரிக் கணக்குக்காக வேறொருவர் என்றோ எழுதிய யூனிட். அதற்குள்ளும் ஒரு ரவுண்ட்ரூபாய். அதே பெயர், அதே அளவுரு, அதே திரும்பும் மதிப்பு. உள்ளே மட்டும் நேராக ரவுண்ட்.

இரண்டும் பல வருடமாகவே அங்கே இருந்திருக்கின்றன. முந்தைய மாதம் வரை பில் யூனிட் சரியானதைக் கூப்பிட்டது. இந்த மாதம் தப்பானதைக் கூப்பிட்டது. நடுவில் ரவுண்ட்ரூபாய் இருந்த ஒரு வரியைக்கூட யாரும் தொடவில்லை.

தொட்டது யூசஸ் வரியை. ஒரு யூனிட் வேறு எந்தெந்த யூனிட்டுகளைப் பயன்படுத்துகிறது என்று அதன் தலையில் பட்டியல் போடும் வரி அது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர், புரோகிராம் வரிகள் கலைந்து கிடந்தால் அவருக்குத் தாங்காது. பில் யூனிட்டின் தலையில் இருபதுக்கு மேற்பட்ட யூனிட் பெயர்கள் தாறுமாறாக இருப்பதைப் பார்த்து, ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிட்டார். படிக்க எளிதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அதற்கு முன் டாக்ஸ்கால்க் முன்னாலும் காமன்லிப் பின்னாலும் இருந்தன. அடுக்கியதும் சி-யில் தொடங்கும் காமன்லிப் மேலே போனது, டி-யில் தொடங்கும் டாக்ஸ்கால்க் பின்னால் வந்துவிட்டது. பாஸ்கலில் பின்னால் வருகிறவருக்குத்தான் முதல் மரியாதை.

இந்த விதியைப் பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். நாம் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். ஒரு பெயரைப் பார்த்ததும் அது முதலில் அந்த ஃபங்ஷனுக்குள் தேடும். அப்புறம் அந்த கிளாஸ், அப்புறம் அந்த யூனிட். அங்கெல்லாம் இல்லாவிட்டால்தான் யூசஸ் பட்டியலுக்கு வரும், அதையும் கடைசியிலிருந்து முன்னோக்கிப் பார்க்கும். யூனிட்டின் உள்வேலை எழுதியிருக்கும் இம்ப்ளிமென்டேஷன் பகுதியில் தனியாக ஒரு யூசஸ் இருந்தால், அதில் உள்ளவை வெளியே தெரியும் இன்டர்ஃபேஸ் பகுதியில் உள்ளவற்றைவிடப் பக்கத்தில் இருப்பதாகக் கணக்கு. எல்லாவற்றுக்கும் வெளியே, நாம் எழுதாமலேயே சேர்ந்துகொள்ளும் சிஸ்டம் யூனிட். முதலில் எங்கே கிடைக்கிறதோ அங்கேயே தேடல் நின்றுவிடும். அதே பெயர் இன்னொரு இடத்திலும் இருக்கிறதே என்று கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தராது. மொழியின் பார்வையில் இது பிழையே இல்லை.

பள்ளியில் எங்கள் வகுப்பில் இரண்டு செல்விகள். கே. செல்வி முன்வரிசை, எம். செல்வி கடைசி பெஞ்ச். டீச்சர் வெறுமனே "செல்வி" என்றால் யார் எழுந்திருப்பது என்று குழப்பம் வரும். அதனால் வருகைப் பதிவேட்டில் எப்போதும் இனிஷியலோடுதான் கூப்பிடுவார். பாஸ்கல் கம்பைலருக்கு அந்தக் குழப்பமே கிடையாது. "செல்வி" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டு வரும், முதலில் கண்ணில் படும் செல்வியை எழுப்பிவிடும். இனிஷியல் சொன்னால் சரியான ஆள் எழுந்திருப்பார். அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் பெயர் என்று நாம் எழுதுகிறோம் அல்லவா, பாஸ்கலிலும் அச்சு அசலாக அதே அமைப்பு: யூனிட் பெயர், ஒரு புள்ளி, ஃபங்ஷன் பெயர். காமன்லிப், புள்ளி, ரவுண்ட்ரூபாய். இப்படி எழுதிவிட்டால் யூசஸ் வரியை யார் எப்படிக் கலைத்துப் போட்டாலும் இந்தக் கூப்பாடு வேறு வீட்டுக்குப் போகாது.

அகரவரிசை அடுக்கலில் இன்னொன்றும் நடந்திருந்தது. அது சத்தம் போட்ட பிழை என்பதால் தம்பி அன்றே பார்த்துவிட்டார். டெல்ஃபியில் புதிதாக ஒரு ஃபார்ம் உருவாக்கினால் யூசஸ் வரியை ஐடிஇ-யே எழுதித் தரும். அதில் முதல் பெயர் விண்டோஸ். அதற்குப் பிறகுதான் மெசேஜஸ், சிஸ்யூட்டில்ஸ், வேரியன்ட்ஸ், கிளாசஸ், கிராஃபிக்ஸ் எல்லாம். விண்டோஸ் முதலில் நிற்பதால் ஒரு பெரிய நன்மை உண்டு. விண்டோஸ் யூனிட்டுக்குள் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஃபங்ஷன்கள், ரெக்கார்டுகள், மாறிலிகள் எல்லாம் அப்படியே. அவற்றில் சில, டெல்ஃபியின் சொந்தப் பெயர்களோடு மோதும். அப்போது பின்னால் நிற்கும் டெல்ஃபியின் பெயரே ஜெயிக்கும். டெலிட்ஃபைல் என்று சிஸ்யூட்டில்ஸில் ஒன்று உண்டு, அது ஸ்ட்ரிங் என்ற எழுத்துத் தொடரை வாங்கும். விண்டோஸிலும் ஒன்று உண்டு, அது பிசார் என்ற வேறு வகையை வாங்கும். ஃபைண்ட்குளோஸ் சிஸ்யூட்டில்ஸில் தேடல் ரெக்கார்டை வாங்கும், விண்டோஸில் ஹேண்டிலை வாங்கும். பீப் என்று ஒன்று, சிஸ்யூட்டில்ஸில் சும்மா கூப்பிட்டால் போதும். விண்டோஸில் எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை மில்லிசெகண்ட் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொண்டது டிபிட்மேப். கிராஃபிக்ஸ் யூனிட்டில் அது கிரியேட் என்று கூப்பிட்டு உருவாக்கும் கிளாஸ், விண்டோஸ் யூனிட்டில் அது வெறும் தரவுத் தொகுப்பான ரெக்கார்டு. ரெக்கார்டின் மேல் கிரியேட் என்று கூப்பிட்டால் கம்பைலர் என்ன செய்யும்?

அகரவரிசையில் டபிள்யூ எங்கே வரும்? கடைசியில். எல்லோருக்கும் அடியில் இருக்க வேண்டிய விண்டோஸ், எல்லோர் தலைமேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. உடனே நாலைந்து பிழைகள். தம்பி அவற்றை ஒவ்வொன்றாகச் சரி செய்தார். டிபிட்மேப் முன்னால் கிராஃபிக்ஸ், புள்ளி என்று சேர்த்தார், மிகச் சரி. டெலிட்ஃபைலுக்கு மட்டும், ஸ்ட்ரிங் கொடுத்தால் பிசார் கேட்கிறதே என்று ஸ்ட்ரிங்கைப் பிசாராக மாற்றிக் கொடுத்துவிட்டார். கம்பைல் ஆகிவிட்டது, ஃபைலும் அழிந்தது. ஆனால் அவர் கூப்பிட நினைத்த ஆள் வேறு, இப்போது வந்து வேலை செய்கிற ஆள் வேறு. வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் சொன்னால் உடனே வகையை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. இது யாருடைய ஃபங்ஷன் என்று முதலில் பார்க்க வேண்டும். இதை நான் புதியவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சத்தம் போட்ட பிழைகள் அன்றே தீர்ந்தன. இரண்டு பக்கமும் ஒரே வடிவம் கொண்ட ரவுண்ட்ரூபாய்தான் சத்தமில்லாமல் உள்ளே போய் மாதம் முழுக்க உட்கார்ந்திருந்தது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இதன் குணம் இன்னும் புரியும். நிக்லாஸ் விர்த் 1970-ல் வெளியிட்ட பாஸ்கலில் யூனிட் என்பதே கிடையாது. ஒரு புரோகிராம் என்றால் ஒரே நீள எழுத்து. மாணவர்களுக்குச் சொல்லித்தர அது போதும். 1970-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் கென்னத் பவுல்ஸ் தலைமையில் உருவான பாஸ்கல்தான் யூனிட் என்ற சொல்லைக் கொண்டுவந்தது. 1983-ல் வந்த டர்போ பாஸ்கல், மூன்றாம் பதிப்பு வரை யூனிட் இல்லாமலேயே ஓடியது. வேறு ஃபைலை அப்படியே உள்ளே இழுத்துப் போடும் இன்க்ளூட் மட்டும்தான். 1987-ல் நான்காம் பதிப்பில் யூனிட் வந்தது. தனித்தனியாகக் கம்பைல் செய்து, டிபியூ என்ற ஃபைலாக வைத்துக்கொள்ளலாம்.

விர்த்தே பாஸ்கலுக்குப் பிறகு உருவாக்கிய மாடுலா-2 மொழியில், இந்த மாட்யூலிலிருந்து இந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று பெயர் சொல்லி வாங்க முடியும். டர்போ பாஸ்கல் வழியில் வந்த யூசஸில் அந்த வசதி இல்லை. ஒருவரை விருந்துக்கு அழைத்தால் அவர் வீட்டில் உள்ள அத்தனை பேரும் வருவார்கள். எழுத எவ்வளவோ சுலபம், மறுக்கவில்லை. சின்னப் புரோகிராமில் அது வரம். இருபது யூனிட் சேரும்போது, யார் யாரோடு வந்தார் என்றே தெரியாமல் போகிறது.

டெல்ஃபி செய்தவர்களுக்கும் இந்த உரசல் தெரிந்திருந்தது. பழைய டர்போ பாஸ்கலில் ஃபைலைத் திறப்பதற்கு முன் அதன் பெயரை ஒரு மாறியோடு இணைக்க அசைன், மூட குளோஸ். டெல்ஃபியில் ஃபார்ம் என்பது ஒரு கிளாஸ், அதற்குச் சொந்தமாகவே அசைன் உண்டு, குளோஸ் உண்டு. ஃபார்முக்குள் இருந்துகொண்டு குளோஸ் என்று எழுதினால் ஃபைலை மூடும் குளோஸுக்கு அது போகாது, ஃபார்மின் குளோஸுக்கே போகும். அதனால்தான் அசைன்ஃபைல், குளோஸ்ஃபைல், டெக்ஸ்ட்ஃபைல் என்று மாற்றுப் பெயர்கள் கொடுத்தார்கள். நான் முதலில் இவற்றைப் பார்த்தபோது, இருந்த பெயரை ஏன் நீட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காரணம் புரிந்த பிறகு அந்த நீளம் எனக்குப் பிடித்துப்போனது.

சரி, யூசஸ் வரிசையைப் பழையபடி மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று கேட்கலாம். தீரும், அடுத்தவர் கை வைக்கும் வரை. வரிசையை மாற்றித் தீர்ப்பதை நான் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூசஸ் வரிசை ஒரு வேலை மட்டும் செய்வதில்லை. ஒவ்வொரு யூனிட்டிலும், புரோகிராம் தொடங்கும்போதே ஓடும் இனிஷியலைசேஷன் என்று ஒரு பகுதி இருக்கலாம். அவை எந்த வரிசையில் ஓட வேண்டும் என்பதையும் இதே யூசஸ்தான் தீர்மானிக்கிறது. லினக்ஸில் ஃப்ரீ பாஸ்கல் என்ற இலவசக் கம்பைலரில் த்ரெட், அதாவது ஒரே புரோகிராமுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலைகள், பயன்படுத்துகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சி-த்ரெட்ஸ் என்ற யூனிட் முதன்மைப் புரோகிராமின் யூசஸில் முதலில் இருக்க வேண்டும். நினைவகத்தைக் கவனிக்கும் சி-மெம் யூனிட்டைப் பயன்படுத்தினால் அது மட்டும் இன்னும் முன்னால். சி-த்ரெட்ஸை விட்டுவிட்டு ஒரு த்ரெட்டை ஓட்டினால், கம்பைல் நன்றாக ஆகும், ஓட்டும்போது பிழை எண் 232 என்று விழுந்துவிடும். பெயர் மோதலைத் தீர்க்க வரிசையை மாற்றினால், சம்பந்தமே இல்லாத இந்தப் பக்கம் ஏதாவது கழன்றுகொள்ளலாம். ஒரு கயிற்றில் இரண்டு மாடு கட்டியிருக்கும்போது ஒன்றை மட்டும் இழுக்க முடியாது. பெயர் மோதலுக்கு இனிஷியல் போடுவதுதான் வழி. வரிசையை இனிஷியலைசேஷனுக்கு விட்டுவிட வேண்டும்.

இதுவரை சொன்னது யூனிட்டுக்குள் இருக்கும் பெயர்கள். அந்த யூனிட் என்ற ஃபைலையே கம்பைலர் எங்கே தேடுகிறது என்பது அடுத்த கதை. இது எனக்கு அக்கா மகன் மூலமாக ஞாபகத்துக்கு வந்தது. கல்லூரி முதலாண்டு. தானாகவே ஃப்ரீ பாஸ்கல் இறக்கி வைத்துக்கொண்டு படிக்கிறான். ஒரு ராத்திரி போன்.

"மாமா, சிஆர்டி யூனிட்டே வேலை செய்யல. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு."

திரையில் நிறம் மாற்றுவது போன்ற வேலைகளுக்கான யூனிட் அது. திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். யூனிட் என்று இருக்க வேண்டிய இடத்தில் புரோகிராம் இருக்கிறது என்ற அர்த்தத்தில் ஒரு பிழை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தச் செய்தியிலிருந்து ஒரு புதியவன் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஃபைல் பெயர் என்ன என்று கேட்டேன். திரையின் நிறத்தை மாற்றிப் பார்க்கும் சின்னப் பயிற்சி, அதனால் சிஆர்டி டாட் பாஸ் என்று சேமித்திருக்கிறான். அதற்குள் யூசஸ் சிஆர்டி.

நடந்தது இதுதான். சிஆர்டி யூனிட் வேண்டும் என்று படித்ததும் ஃப்ரீ பாஸ்கல் முதலில் தான் ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரைப் பார்க்கிறது. அடுத்து கம்பைல் ஆகும் ஃபைல் இருக்கும் ஃபோல்டர். அதற்கும் பிறகுதான் நாம் சொல்லிக் கொடுத்த தேடல் பாதைகள், கம்பைலரோடு வந்த யூனிட்டுகள் இருக்கும் ஃபோல்டர் உட்பட. ஒவ்வொரு இடத்திலும் பிபியூ என்ற கம்பைல் ஆன ஃபைல் இருக்கிறதா, இல்லாவிட்டால் மூல ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இவன் ஃபோல்டரிலேயே சிஆர்டி டாட் பாஸ் கிடைத்துவிட்டது. அது இவன் எழுதிய புரோகிராம். அதையே யூனிட் என்று நினைத்துத் திறந்து பார்த்து, உள்ளே புரோகிராம் இருப்பதைக் கண்டு நின்றுவிட்டது.

டர்போ பாஸ்கலில் பழகியவர்கள் இதில் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. அங்கே சிஸ்டம், சிஆர்டி, டாஸ், பிரின்டர் எல்லாம் டர்போ டாட் டிபிஎல் என்ற ஒரே நூலக ஃபைலுக்குள் இருந்தன. கம்பைலர் முதலில் அதைப் பார்க்கும். அப்புறம்தான் நாம் நிற்கும் ஃபோல்டர், அப்புறம் மெனுவில் கொடுத்த யூனிட் ஃபோல்டர்கள். ஆகவே அங்கே ஒரு ஃபைலுக்குச் சிஆர்டி என்று பெயர் வைத்தாலும் யூனிட் மாறிப்போகாது. ஃப்ரீ பாஸ்கலில் நம் ஃபோல்டர் முந்திக்கொள்கிறது. நம் யூனிட்டைக் கொண்டு அவர்களுடையதை மறைக்க முடிவது சில நேரம் உதவியும் செய்யும், தெரிந்து செய்தால். அவனிடம் ஃபைல் பெயரை நிறம்1 என்ற பொருளில் ஆங்கிலத்தில் மாற்றச் சொன்னேன். அந்த ஃபோல்டரில் சிஆர்டி என்ற பெயரில் வேறு எது கிடந்தாலும் அழித்துவிடு என்றேன். ஓடியது.

கடைப் புரோகிராமை, ஃப்ரீ பாஸ்கலை வைத்து வேலை செய்யும் ஐடிஇ-யான லாசரஸுக்குக் கொண்டுவந்து லினக்ஸில் ஓட்டலாம் என்று முடிவெடுத்தபோது இந்தத் தேடல் பாதையோடு நான் பல நாள் வாழ வேண்டியிருந்தது. விண்டோஸில் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. லினக்ஸில் உண்டு. பாஸ்கல் மொழிக்குள் வித்தியாசம் கிடையாது, ஆனால் ஃபைலைத் தேடிப் போகும்போது உண்டு. யூசஸில் எழுதியபடியே ஒருமுறை, எல்லாம் சின்ன எழுத்தாக ஒருமுறை, எல்லாம் பெரிய எழுத்தாக ஒருமுறை என்று ஃப்ரீ பாஸ்கல் முயன்று பார்க்கும். நடுவில் ஒரு எழுத்து மட்டும் பெரிதாக உள்ள ஃபைலை, யூசஸில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கண்டுபிடிக்காது. எங்கள் ஃபைல்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஒரு மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சின்ன எழுத்துக்கு மாற்றினேன். லாசரஸில் புது யூனிட்டைப் பெரிய எழுத்தோடு சேமிக்கப் போனால் சின்ன எழுத்தாக மாற்றட்டுமா என்று கேட்கும். கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

அதைவிட வினோதமான ஒன்று. சேல்ஸ்ரெஜிஸ்டர் என்று ஒரு யூனிட். அது இருந்த ஃபோல்டரைப் பாதையில் சேர்க்க மறந்துவிட்டேன். யூனிட் கிடைக்கவில்லை என்று கம்பைலர் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் அது சேல்ஸ்ரெக் என்ற யூனிட்டின் பெயரைச் சொல்லி, பெயர் தப்பு, சேல்ஸ்ரெஜிஸ்டரை எதிர்பார்த்தேன் என்றது. சேல்ஸ்ரெக் என்று ஒன்றை நான் எங்குமே கூப்பிடவில்லை. ஃப்ரீ பாஸ்கல் கையேட்டைப் புரட்டியதில் விடை கிடைத்தது. யூனிட் பெயர் 8 எழுத்துக்கு மேல் இருந்து, முழுப் பெயரில் ஃபைல் கிடைக்காவிட்டால், முதல் 8 எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை தேடும். டாஸ் காலத்தில் ஃபைல் பெயருக்கு 8 எழுத்துதான் இடம். அந்தப் பழக்கத்தை, நீளப் பெயர் தாங்கும் ஆபரேட்டிங் சிஸ்டங்களிலும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சேல்ஸ்ரெஜிஸ்டரின் முதல் 8 எழுத்து சேல்ஸ்ரெக். டாஸ் காலத்து ஃபைல் ஒன்று அதே பெயரில் பழைய ஃபோல்டரில் உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பிவிட்டது கம்பைலர்.

கம்பைலருக்கு ஆப்ஷனாகப் பாதை எழுதும்போது கவனிக்க வேண்டிய எழுத்து ஒன்று உண்டு. எஃப் என்ற எழுத்துக்குப் பிறகு சின்ன யூ போட்டால், யூனிட்டுகளை இங்கேயும் தேடு என்று அர்த்தம். பெரிய யூ போட்டால், கம்பைல் ஆன யூனிட்டுகளை இங்கே கொண்டுபோய் எழுது என்று அர்த்தம். ஒரே எழுத்தின் அளவு மாறினால் தேடும் இடம், எழுதும் இடமாகிவிடும். பாதையின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் அதற்குள் உள்ள ஃபோல்டர்களும் சேரும். கம்பைலரோடு வரும் எஃப்பிசி டாட் சிஎஃப்ஜி என்ற அமைப்பு ஃபைலில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள், அங்கே அது சரி. நம் சொந்த மூல ஃபோல்டருக்கு நட்சத்திரம் போடாதீர்கள். லாசரஸ் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய பிரதியைப் பேக்கப் என்ற உள் ஃபோல்டரில் அதே பெயரில் வைக்கும். நட்சத்திரம் அந்தப் பழைய பிரதியையும் பாதைக்குள் இழுத்துவிடும். யாரோ எப்போதோ "பழசு" என்று பெயர் வைத்த ஃபோல்டரும் கூடவே வரும்.

எந்த ஃபைலைத்தான் எடுக்கிறது என்று சந்தேகம் வந்தால் யூகிக்க வேண்டாம். வி, யூ, டி என்று மூன்று எழுத்தையும் சேர்த்துக் கழித்தல் குறியோடு கொடுத்தால், எந்தெந்த ஃபோல்டரில் எந்தெந்தப் பெயரைத் தேடியது, எங்கே கிடைத்தது என்று ஒவ்வொன்றையும் வரி வரியாக எழுதிக் காட்டும். பக்கம் பக்கமாக வரும், பயப்பட வேண்டாம், யூனிட்டின் பெயரை வைத்துத் தேடினால் போதும். எனக்கு இந்த ஆப்ஷன் மேல் மிகுந்த மரியாதை. பழைய பிபியூ ஒன்று எங்கோ ஒளிந்துகொண்டு, மூல ஃபைலில் நான் செய்த மாற்றம் எதுவும் ஏறாமல் அரை நாள் போனபோது, அந்த ஃபைலின் முழு முகவரியை எனக்குக் காட்டியது இதுதான். டெல்ஃபியில் அதே வேடத்தில் டிசியூ வரும். யூனிட்டை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால், பழைய இடத்தில் உள்ள கம்பைல் ஆன ஃபைலையும் கையோடு அழித்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

கடைசியாக நின்றது யூட்டில்ஸ். பில் ஃபோல்டரில் ஒரு யூட்டில்ஸ் டாட் பாஸ், சரக்கு ஃபோல்டரில் ஒரு யூட்டில்ஸ் டாட் பாஸ். முன்பு இரண்டும் தனித்தனிப் புரோகிராம், அதனால் பிரச்சினை இல்லை. லாசரஸில் இரண்டையும் ஒரே புரோகிராமாகச் சேர்த்தோம். யூசஸில் யூனிட் பெயருக்குப் பின்னால் இன் என்று போட்டு ஃபைலின் முகவரியைச் சொல்ல முடியும். டெல்ஃபி புராஜெக்ட் ஃபைலில் எல்லாம் அப்படித்தான் இருக்கும், எந்த ஃபைல் என்பதில் சந்தேகமே வராது. ஆனால் அது ஃபைலைத் தேடும் சிக்கலை மட்டும்தான் தீர்க்கும். ஒரே புரோகிராமுக்குள் ஒரே பெயரில் இரண்டு யூனிட் இருக்கவே முடியாது. இனிஷியல் போடும் வழியும் இங்கே இல்லை, ஏனென்றால் இனிஷியலே ஒன்றாக இருக்கிறது.

பெயரைத்தான் மாற்ற வேண்டும். பெரிய பாஸ்கல் நூலகங்கள் எல்லாம் இதை முன்பே உணர்ந்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் முன்னொட்டு வைத்திருக்கின்றன. இண்டியின் யூனிட்டுகள் ஐடி என்று தொடங்கும், ஜெடை நூலகத்தினுடையவை ஜேசிஎல், ஜியோஸினுடையவை இசட். டெல்ஃபி எக்ஸ்இ2, 2011-ல், தன் சொந்த யூனிட்டுகளுக்கே இதைச் செய்தது. சிஸ்யூட்டில்ஸ் என்பது சிஸ்டம் புள்ளி சிஸ்யூட்டில்ஸ் ஆனது, விண்டோஸ் வின்ஏபிஐ புள்ளி விண்டோஸ் ஆனது, கிராஃபிக்ஸ் விசிஎல் புள்ளி கிராஃபிக்ஸ் ஆனது. பழைய புரோகிராம்கள் முறியாமல் இருக்க, இந்த முன்பகுதிகளைத் தானாகச் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடும் கொடுத்தார்கள். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். பில்யூட்டில்ஸ், ஸ்டாக்யூட்டில்ஸ். இரண்டு ஃபைல் பெயர், இரண்டு தலைப்பு வரி, அறுபதுக்கு மேற்பட்ட யூசஸ் வரிகள். தம்பியும் நானும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். அகரவரிசை அடுக்கிய அதே தம்பிதான், வரிசையில் கை வைக்காமல் பெயரை மட்டும் மாற்றினார்.

அதோடு டாக்ஸ்கால்க்கில் இருந்த ரவுண்ட்ரூபாயின் பெயரை, அது உண்மையில் செய்யும் வேலையைச் சொல்லும் பெயராக மாற்றினோம். காமன்லிப்பில் உள்ளது அப்படியே இருக்கட்டும், ஆனால் கூப்பிடும் இடத்திலெல்லாம் இனிஷியலோடு.

கடையில் புதுக் கம்ப்யூட்டரை வைத்த அன்று, முதல் வேலையாக நானே ஒரு பில் போட்டேன். சில்லறைப் பொருள்கள் நாலைந்து, கூட்டினால் 112 ரூபாய் 50 காசு வரும்படி. பிரின்டரிலிருந்து தாள் வந்தது: 113. ரிஜிஸ்டரைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார்.

"சரி தம்பி. 248 ரூபா 50 காசுக்கு ஒண்ணு போடுங்க."